உலகுக்கே கையுறை போகிறது, நம் கைக்கு எது?



மருந்துக் கடையில் கையுறைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் உள்ளே இருந்த உறை பால் நிறத்தில் இருக்கும். மாவு பூசியிருக்கும். முகர்ந்தால் ஸ்டோர் வாடை லேசாக அடிக்கும். இப்போது பெரும்பாலும் நீல நிறம்தான். மாவும் இல்லை, வாடையும் இல்லை. அந்த நீல உறையில் பால்மரத்துப் பால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த ரசாயனங்களைக் கொண்டு ஆலையில் செய்த செயற்கைப் பால் அது. நைட்ரைல் என்று பெயர்.

இதைச் சொன்னால் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். "நம்ம சோத்துல மண்ணைப் போட்டதே இந்தச் சிந்தடிக்தானே!" என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரப்பர் விலையைப் பற்றி வழக்காடுவது இந்தச் சுகாதாரப் பகுதியின் வேலை அல்ல. இந்தச் செயற்கைப் பால் நம் உடம்புக்கு என்ன செய்கிறது, யார் கைக்கு எந்த உறை பொருந்தும், அது யார் காசு என்பதுதான் நமக்குப் பேச்சு. என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். தோட்டத்தில் மருந்தையும் ஆசிட்டையும் தொடுகிறவர் கைக்குச் செயற்கைப் பாலில் செய்த கனமான உறைதான் ஏற்றது. பெட்டியில் நூறாக வரும் மெல்லிய உறை அதற்கு உதவாது. அந்தக் கனமான உறையை நிர்வாகம் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும்.

பால் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மங்குக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துளிகள் அந்தத் தண்ணீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய தோல் ஒன்று காவல் நிற்கிறது. அதனால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன. ஆசிட் தண்ணி ஊற்றியதும் காவல் உடைகிறது, துளிகள் சேர்ந்து கட்டியாகின்றன.

செயற்கைப் பாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். தண்ணீரில் சோப்புப் போன்ற பொருளைக் கலந்து, பியூட்டாடீன், அக்ரிலோநைட்ரைல் என்ற இரண்டு ரசாயனங்களை அழுத்தக் கலனுக்குள் விட்டுக் கலக்குகிறார்கள். அவை சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வெள்ளைப் பாலாகி வெளியே வருகின்றன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மரத்துப் பாலில் புரதம் நிற்கும் இடத்தில் இங்கே சோப்பு நிற்கிறது. புரதம் இல்லை என்பதை மனத்தில் வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கலவையை மாற்றினால் வேறு பால் கிடைக்கும். ஸ்டைரீன் சேர்த்த பால் தரைக் கம்பளத்தின் முதுகுக்கும் பளபளப்பான காகிதத்துக்கும் போகிறது. தீபாவளிக்கு வீட்டுச் சுவரில் அடிக்கும் எமல்ஷன் சாயத்திலும் ஒரு செயற்கைப் பால் இருக்கிறது. நியோப்ரீன் என்பது இன்னொன்று, 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்தது. நைட்ரைல் ரப்பர் ஜெர்மனியில் 1930களில் உருவானது. மரத்து ரப்பரில் எண்ணெய் பட்டால் அது ஊதி, நொளநொளத்துப் போகும். டீசல் பட்ட பழைய பூட்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நைட்ரைல் எண்ணெய்க்கு அசையாது.

பிறகு யுத்தம் வந்தது. 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் போன ரப்பர் நின்றுபோயிற்று. அரசாங்கமே பணம் கொட்டி ஆலைகளைக் கட்டியது. மூன்று ஆண்டுக்குள் இலட்சக்கணக்கான டன் செயற்கை ரப்பர் வெளியே வந்தது. அதே காலத்தில்தான் நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் மரத்துக்குப் போட்டி பிறந்ததும் நம் ஆட்கள் சயாம் காட்டில் மடிந்ததும் ஒரே யுத்தத்தில்தான்.

கையுறையின் கதை இதைவிடப் பழையது. 1889-90 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதி அறுவை மேசையருகே வேலை செய்தார். கிருமி கொல்ல அங்கே பாதரசக் கலவையில் கை கழுவ வேண்டும். அது பட்டுப் பட்டு அவர் கையெல்லாம் கரப்பான் வந்துவிட்டது. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி, அவருக்காக மெல்லிய ரப்பர் உறை செய்வித்தார். பின்னால் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது கதையின் இன்னொரு பக்கம். நமக்கு வேண்டிய விஷயம் வேறு. அறுவை அறைக்குள் ரப்பர் உறை முதலில் நுழைந்தது நோயாளிக்காக அல்ல. வேலையில் கை புண்ணாகிப்போன ஒரு தொழிலாளிப் பெண்ணுக்காக நுழைந்தது. கையில் புண் வந்தால் "கொஞ்சம் எண்ணெய் தடவிக்கம்மா, சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிடுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

உறை உலகமெல்லாம் பரவியது மிகவும் பின்னால். எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில், 1987இல், எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே நினைத்துக் கையுறை போட வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. ஒரே நாளில் உலகத்துக்குக் கோடிக்கணக்கில் உறை வேண்டியதாயிற்று. பால் இருந்த இடம் மலேசியா. ஆலைகள் காளான் மாதிரி முளைத்தன. நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டு அந்த ஆலைகளுக்குப் போனார்கள்.

உறை செய்யும் விதம் எளிது. கை வடிவில் பீங்கான் அச்சுகள் வரிசையாக நகர்ந்து வரும். முதலில் உறைய வைக்கும் உப்புக் கரைசலிலும் பிறகு பாலிலும் முங்கி எழும். பால் அச்சின்மேல் படிந்து உறையும். அதைச் சுடுநீரில் ஊறவைத்து அலசுவார்கள், அடுப்பறையில் வேகவைப்பார்கள். இந்த அலசல்தான் முக்கியம். மரத்துப் பாலில் இருக்கும் புரதம் அதில்தான் கழுவிக்கொண்டு போகும். அவசரத்தில் அலசலைக் குறைத்தால் புரதம் உறையிலேயே தங்கிவிடும். கையில் ஏற வழுக்கட்டும் என்று பூசிய சோளமாவில் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும். உறையை உருவும்போது மாவு பறந்து மூக்குக்குள் போகும்.

அந்தப் புரதம் சிலர் உடம்புக்கு ஆகாது. தொட்ட சில நிமிடங்களில் காணாக்கடி போலத் தடிப்பு, மூக்கில் நீர், கண் அரிப்பு. சிலருக்கு மூச்சு இழுக்கும், உதடும் தொண்டையும் வீங்கும். அளவு மீறினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. 1991இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. எனிமாக் குழாயின் ரப்பர் முனை பட்டே சிலர் இறந்திருந்தார்கள். தாதிமார், பல் மருத்துவர்கள், சிறு வயதிலிருந்து பலமுறை அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் ஆகியோருக்கு இது அதிகம் வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்கா மாவு பூசிய மருத்துவக் கையுறைகளை அடியோடு தடை செய்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா? வாழைப்பழமோ பப்பாளியோ அவகாடோவோ தின்றால் வாய் அரிக்கிறதா? அந்தப் பழங்களில் இருக்கும் சில புரதங்கள் ரப்பர்ப் பாலின் புரதத்துக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒன்றுக்கு ஆகாத உடம்பு இன்னொன்றுக்கும் ஆகாமல் போகலாம். பல் பிடுங்கப் போனாலும் பிரசவத்துக்குப் போனாலும் டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இங்கேதான் நைட்ரைல் வேலைக்கு வந்தது. அதில் மரத்துப் புரதம் இல்லாததால் இந்த ஒவ்வாமை வருவதற்கு வழியில்லை. 1990களில் மெல்லிய நைட்ரைல் உறை மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் உறைகளில் பெரும்பகுதி அதுதான். ஜொகூரில் குளுவாங்கிலும் பாசிர் கூடாங்கிலும் நைட்ரைல் பால் செய்யும் ஆலைகளே வந்தன. ஒரு காலத்தில் பால்மரத்துக்குப் பேர்போன குளுவாங்கில் பின்னால் மரமே இல்லாமல் பால் வடிந்தது!

ஆனால் நீல உறை போட்டால் ஒன்றும் வராது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பாலையும் கெட்டிப்படுத்தக் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, அதோடு வேகமூட்டும் ரசாயனங்கள் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். அந்த வேகமூட்டிகள் சிலர் தோலுக்கு ஆகாது. இது புரத ஒவ்வாமை போல நிமிடத்தில் வராது. போட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ புறங்கையில் அரிப்பு, சிறு கொப்புளம், தோல் வெடிப்பு என்று வரும். நாள் கழித்து வருவதால் பலர் உறையைச் சந்தேகப்படுவதில்லை. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மணிக்கணக்கில் வியர்வையில் ஊறினாலே எந்தக் கையும் எரியும். அது ஒவ்வாமை இல்லை. கையைக் கழுவித் துடைத்துக் காயவிட்டால் தணிந்துவிடும். டாக்டரிடம் போனால் "அரிக்குது" என்று மட்டும் சொல்லாமல், உறை போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று சொல்லுங்கள். நோய் எது என்பதற்கு அது பாதி விடை.

உறையைச் செய்கிறவர்களையும் மறக்கக் கூடாது. செய்து முடித்த நைட்ரைல் உறை வேறு, அதன் மூலப்பொருள் வேறு. அக்ரிலோநைட்ரைல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024இல் உறுதியாக வகைப்படுத்தியது. பியூட்டாடீன் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. மாவு இல்லாத உறை செய்யச் சில ஆலைகளில் குளோரினில் அலசுகிறார்கள், காற்றோட்டம் சரியில்லை என்றால் அது நெஞ்சைப் பிடிக்கும். 2020 நவம்பரில், உலகமே கோவிட்டுக்குப் பயந்து மலேசிய உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, கிள்ளான் வட்டாரத்தில் உறை செய்கிற தொழிலாளர்களின் விடுதிகளிலேயே நோய் பரவியது. ஓர் அறையில் அத்தனை பேரை அடைத்து வைத்தால் எந்த உறைதான் காப்பாற்றும்?

மரத்துப் பாலை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. அறுவை மருத்துவர்கள் பலர் இன்றும் அதைத்தான் விரும்புகிறார்கள். அதன் இழுவையும் விரல் உணர்வும் நைட்ரைலுக்கு அவ்வளவாக வரவில்லை. மலேசிய ரப்பர் வாரியத்தார் நொதியைக் கொண்டு புரதம் நீக்கிய இயற்கை ரப்பரையும், எண்ணெய்க்குத் தாங்கும்படி மாற்றிய இயற்கை ரப்பரையும் செய்து காட்டியிருக்கிறார்கள். நன்றாக அலசிய மரத்துப் பால் உறை, ஒவ்வாமை இல்லாதவர் கைக்கு நல்ல உறைதான். அது மட்கும் என்பது வேறு நன்மை. ஆனால் மருந்துப் பம்பு தூக்குகிறவருக்கு அது போதாது.

ஏன் போதாது? இன்று நம் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனைதான். கையில் விஷம் படுவது மருந்தடிப்பிலும், அதற்கு முன்னால் மருந்து கலக்கும்போதும்தான். தண்ணீர் கலக்காத கெட்டி மருந்தைக் கலக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் மிகவும் ஆபத்து. பல மருந்துகளில் எண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கும். பலகாரம் சுற்றிய காகிதத்தில் ஓட்டை இல்லாமலே எண்ணெய் மறுபக்கம் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி மருந்தும் ஓட்டை இல்லாத உறைக்குள் ஊறி மறுபக்கம் வரும். மெல்லிய உறையில் சீக்கிரம் வரும். மரத்து ரப்பரில் எண்ணெய் கலந்த மருந்து இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே நைட்ரைல் அல்லது நியோப்ரீன் வேண்டும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம் வேண்டும், நீளம் 30 செண்டிமீட்டராவது இருக்க வேண்டும். உள்ளே துணி வைத்துத் தைத்த உறை வேண்டாம், துணி மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெறும் நூல் கையுறையோ கேட்கவே வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு மருந்தடிப்பது, கையை மருந்தில் ஊறவைத்த துணியால் கட்டிக்கொள்வதற்குச் சமம்.

பாராகுவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. 2002இல் நிறுத்துவதாகச் சொல்லி, 2006இல் மறுபடி அனுமதித்து, இத்தனை ஆண்டு இழுத்த பிறகு வந்த தடை அது. அந்த மருந்தில் நகம் வெளுத்துக் கழன்றவர்கள் நம் தாய்மார்கள்தான். மருந்தடிப்பு பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. ஒன்று போனதால் மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது.

இன்னும் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மங்கில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கெட்டியாக இருக்கும்போது தோலை வேகவைத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கெட்டி ஆசிட்டைக் கலக்க நியோப்ரீன் உறையும் கண்ணாடியும் வேண்டும். மெல்லிய நீல உறையை நம்பாதீர்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டுத்தான் கிளினிக்குக்கு ஓட வேண்டும். மினரல் தண்ணீர்ப் போத்தலிலும் சர்பத் போத்தலிலும் ஆசிட்டை ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை இன்றே விடுங்கள். குழந்தைக்குப் போத்தல் எது, ஆசிட் எது என்று தெரியாது.

இனி யார் காசு என்பதைப் பார்ப்போம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி செய்து தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. உறைக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால் அது சட்டத்துக்கு விரோதம். ஒரு தோட்டத்தில், பேர் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி என்று கணக்கு வைத்திருந்தார்கள். "கிழிஞ்சா உன் காசுல வாங்கிக்க" என்பது கிராணியின் பதில். ஓட்டை விழுந்த உறை வெறும் கையைவிட மோசம். உள்ளே போன மருந்து வெளியே வராமல் நாள் முழுதும் தோலிலேயே கிடக்கும். கிழிந்த அன்றே மாற்றித் தர வேண்டும்.

40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு எப்போது கூடியது? உங்கள் சார்பில் அதில் யார் உட்காருகிறார்? தெரியவில்லை என்றால் கிளைச் செயலாளரைக் கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று உண்டு, நிர்வாகம் அதைத் தொழிலாளி பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படித்துச் சொல்லும். அதில் 8ஆம் பகுதியைப் புரட்டுங்கள். இந்த மருந்துக்கு எந்த வகை உறை போட வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். கிராணி எடுத்துக் கொடுக்கும் உறையும் அந்தத் தாளில் எழுதியிருக்கும் உறையும் ஒன்றா என்று பாருங்கள். வாயால் கேட்பதைவிட அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வேலையால் வந்த தோல் நோய் சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. டாக்டரிடம் என்ன வேலை, என்ன மருந்து, எத்தனை நாள் என்பதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிக்கு அது தெரிந்திருக்காது, சொல்லுங்கள்.

உறை கிடைத்த பிறகு அதைப் பார்த்துக்கொள்வதும் இருக்கிறது. வேலை முடிந்ததும் உறையைக் கழற்றுவதற்கு முன்பே, கையில் போட்டபடியே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு கழற்றி, விரல் மேலே இருக்கும்படி நிழலில் தொங்கவிடுங்கள். காலையில் போடுமுன் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். புல்லுக்கு, அதாவது கீழ்நோக்கி, மருந்தடிக்கும்போது சட்டைக் கையை உறைக்கு மேலே இறக்கிவிடுங்கள், வழியும் மருந்து உறைக்குள் போகாது. கையைத் தூக்கி அடிக்கும் வேலை என்றால் உறையைச் சட்டைக்கு மேலே இழுத்து விடுங்கள்.

கடைசியாக அளவு. பெரும்பாலான ஸ்டோரில் ஒரே அளவுதான் வாங்கி வைக்கிறார்கள், அதுவும் பெரிய ஆண்பிள்ளைக் கைக்கு. பெண்கள் போட்டால் விரல் நுனி தொளதொளத்து, பம்பு விசையைப் பிடிக்க முடியாமல், ஒரு மணி நேரத்தில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பிறகு "கொடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க" என்று பழி. 7, 8, 9 என்று அளவுகள் இருக்கின்றன. இந்த வாரம் பிரட்டுக்குப் போகும்போது, யாருக்கு எந்த அளவு என்று பேர் பேராக எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். ஒரு நகலைக் கிளையில் வையுங்கள்.